சோடியத்துக்குத் தடை போட்ட குணசேகரன்

குணசேகரன் தம் வாழ்நாளில் எந்தச் சரக்கையும் நம்பி உள்ளே விட்டதில்லை. ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் தரப் பரிசோதகர். எங்காவது பழுது கண்டால் இயந்திரத்தைத் திட்ட மாட்டார். நேராக வாசலுக்குப் போய், உள்ளே வரும் சரக்கை நிறுத்திவிடுவார். பாதிப் பழுது அதிலேயே தீரும். இந்தச் சாதனைக்காக ஓய்வு பெறும்போது ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அது முதல் வாரமே நின்றுபோனது தனி விஷயம்.

பூந்தமல்லியில் சொந்த வீட்டுக்கு வந்த பிறகு, அவர் பரிசோதிக்க மிச்சமிருந்தது மனைவி பார்வதத்தின் முழங்கால்கள்தான். எட்டு வருட மூட்டுவலி. மகள் ஷர்மிளா நசரத்பேட்டையில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. பேத்தி பிறந்து பத்து மாதமாகியும் பார்வதம் அந்த வீட்டைப் பார்த்ததில்லை.

"ஒரு தபா மேல ஏறி, கொயந்த தொட்டில ஆட்டிட்டு வந்துட்டா போதுங்க" என்பாள்.

மூட்டு மருத்துவர் படம் போட்டு விளக்கினார். நரம்பு செல்லின் சுவரில் நுண்ணிய கதவுகள் உண்டு. அவை திறந்து சோடியம் உள்ளே பாய்ந்தால், வலி என்ற செய்தி மூளைக்கு ஓடும். மூட்டு வருடக்கணக்கில் வீங்கிக் கிடந்தால் நரம்பு அந்தக் கதவுகளைப் பெருக்கிக்கொள்ளும். கால் லேசாக அசைந்தாலே அவை திறந்துகொள்ளும்.

"அந்தக் கதவ மட்டும் சாத்துற மருந்துக்கு ஆராய்ச்சி நடக்குது" என்று முடித்து, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

மருந்து வரும்வரை காத்திருப்பது சோம்பேறிகளின் வழி. கதவைச் சாத்த முடியாவிட்டால் என்ன, உள்ளே போகும் சரக்கை, அதாவது உப்பை, நிறுத்தலாமே? உப்பு ஜாடி, ஊறுகாய், அப்பளம், பார்வதத்துக்கு உயிரான நெத்திலிக் கருவாடு எல்லாம் 'நிராகரிக்கப்பட்டது' என்ற சீட்டோடு அன்றைக்கே பக்கத்து வீட்டுப் பூபாலனிடம் போயின.

"அண்ணாத்தே, இனிமே உன்ன எவனும் 'உப்பு போட்டுத்தான் துன்றியா'ன்னு கேக்க முடியாது" என்றார் பூபாலன், கருவாட்டை மோந்தபடி.

"இது சயின்ஸ்பா. ஒனக்கு வெளங்காது."

தினமும் மாலை ஆறு மணிக்குப் பார்வதம் தன் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும்; அவர் நோட்டில் பதிவார். முதல் வாரம் ஒன்பது. பிறகு ஏழு. மூன்றாவது மாதம் நாலு. அன்று குணசேகரன் தெரு முழுக்கச் சிரித்துக்கொண்டே நடந்தார். ரத்த அழுத்தத்துக்காக அவள் விழுங்கிவந்த நீர் மாத்திரையும் உடம்பிலிருந்த உப்பை வெளியேற்றிக்கொண்டிருந்தது அந்த நோட்டில் இல்லை.

அடுத்து, விதிப்படி, களச் சோதனை. ஞாயிறு காலை நசரத்பேட்டை.

முதல் மாடியில் பார்வதம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். "தல சுத்துதுங்க."

"முட்டி எப்டி கீது?"

"முட்டி... பரவால்லங்க."

அவர் நோட்டில் டிக் போட்டார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள், "இது யாரு ஊடுங்க?" என்று கேட்டாள். அப்படியே உட்கார்ந்தாள், பிறகு சரிந்தாள். மேலே பேத்தி கிலுகிலுப்பையை ஆட்டுவது கேட்டது.

"சாப்பாட்டு உப்ப நிறுத்துனா நரம்புக் கதவு சாத்தாது சார். ரத்தத்துல சோடியம் இவ்ளோ கொறஞ்சா மூளதான் வீங்கும்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

தலைமாட்டில் தொங்கிய பாட்டிலின் சீட்டைக் குணசேகரன் படித்தார். சோடியம். சொட்டுச் சொட்டாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. வாழ்நாளில் முதல் முறையாக ஒரு சரக்குக்காகக் கெஞ்சினார்: "கொஞ்சம் வேகமா உடக் கூடாதாம்மா?"

"வேகமா ஏத்துனாலும் ஆபத்து சார்" என்றாள் நர்ஸ்.

நாலாம் நாள் பார்வதம் போய்விட்டாள்.

முப்பதாம் நாள் படையலுக்குப் பூபாலன் கருவாட்டுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தார். சீட்டு இன்னும் அதில் ஒட்டியிருந்தது. குழம்பு கொதிக்கும்போது ஷர்மிளா நோட்டைப் புரட்டினாள்.

"இன்னா நைனா, நாலுன்னு போட்டுக்கீற? அம்மா எங்கைல கடைசி வரிக்கும் ஒம்போதுன்னுதான் சொல்லிச்சு."

"எங்கைல நாலுன்னாளே!"

"நீ எய்திட்டு சிரிக்கிறியாம். ரிட்டயர் ஆனதுலேர்ந்து நீ அப்டி சிரிச்சதே இல்லியாம். கெடுக்க மனசு வர்லன்னுச்சு."

குணசேகரன் நோட்டை வாங்கினார். தொண்ணூறு நாளின் எண்களையும் பார்த்து, ஒன்பதல்லாத ஒவ்வொன்றையும் அடித்து ஒன்பது என்று எழுதினார். தொழிற்சாலை விதிப்படி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். பிறகு எழுந்து போய், படையல் இலையின் ஓரத்தில் உப்பு வைத்தார். இன்னொரு பிடி வைத்தார். மறுபடியும் ஜாடிக்குள் கையை விட்டார்.

"போதும் நைனா" என்று ஷர்மிளா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.