எதிர்த்து நின்றவருக்காக எண்ணூர் வரை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குப் போய்வந்தேன். வழக்கமாக நான் எழுதுவது கடற்கரை, கோயில், சாப்பாடு பற்றித்தான். இந்த முறை போனது ஒரு நினைவுக் கூட்டத்துக்கு. பல வருடங்களுக்கு முன், நாங்கள் எண்ணூரில் குடியிருந்தபோது, வார்டு தேர்தலில் என்னைத் தோற்கடித்தவர் கஜபதி அண்ணன். அவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவர் வேறு கட்சி. என் கட்சியில் யாரும் போவதாகத் தெரியவில்லை. “உனக்கு அங்க இன்னா வேலை?” என்று என் மகளே கேட்டாள். வேலை இருந்தது.

காலை 8.20 மின்சார ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய். கும்மிடிப்பூண்டி பக்கம் போகிற வண்டிதானா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். திருவொற்றியூர் தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது. ஒன்பது மணிக்கு முன்பே எண்ணூரில் இறங்கிவிட்டேன். அங்கிருந்து, கூட்டம் நடக்கும் மீனவர் குப்பத்துக்கு மூன்று கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

“கஜபதி அண்ணன் கூட்டத்துக்கா அக்கா? நீங்க அந்தக் கட்சியா?” என்றார் டிரைவர்.

“அவருக்கு எதிரா நின்னவ நான்.”

திரும்பிப் பார்த்தார். “மெய்யாலுமா! அவரு இருந்தா உங்களுக்குத்தான் மொதல்ல சேர் போட்டிருப்பாரு. நல்லா குந்திக்கோங்க, ரோடு கலீஜா கீது.”

அந்தத் தேர்தலில் பெரிய பிரச்சினை, அனல்மின் நிலையச் சாம்பலைக் கொண்டுபோகும் குழாய். அது உடைந்து, சாம்பல் ஆற்றில் கலந்துகொண்டிருந்தது. வலை போட்டால் சேறுதான் வந்தது. கடைசி நாள் கூட்டத்தில், “கஜபதி தன் மகனுக்கு அங்கே வேலை வாங்கிக்கொண்டு வாயை மூடிவிட்டார்” என்று மைக்கில் பேசினேன். யாரோ சொன்னது. நான் விசாரிக்கவில்லை. அவர் மகன் முரளி பரீட்சை எழுதி, தானாக அந்த வேலைக்குப் போனவன் என்று பிறகுதான் தெரிந்தது.

நான் தோற்றேன். மறுநாள் காலை கஜபதி அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். “நீ வூடு வூடா போனியேம்மா, ஜனங்க இன்னா இன்னா கொற சொன்னாங்க? சொல்லு, எழுதிக்கிறேன்” என்றார். குழாய்க்காக மறியல் செய்தபோதும் என்னைக் கூப்பிட்டார். “ரெண்டு கட்சியும் சேந்து நின்னாத்தான் அதிகாரி எறங்கி வருவான்.” ஒரு பகல் முழுக்க இருவரும் வெயிலில் நின்றோம். குழாயை மாற்றினார்கள். மேடையில் நான் பேசியதைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கூட்டம் மீன் ஏலக் கூடத்தில் நடந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கட்சிக்காரர் ஒருவர் வழிமறித்தார். “இங்க வந்து அரசியல் பண்ணாதீங்க.” முன்வரிசையில் இருந்த அண்ணனின் மனைவி சரோஜா அக்கா எழுந்துவிட்டார். “அவர் சாவுக்கு வர முடியலன்னு போன் பண்ணி அழுதவ அது. வுடு, பேசட்டும்.”

பேசினேன். அவர் நல்லவர் என்று சொல்ல அங்கே நிறைய பேர் இருந்தார்கள். நான் சொன்னது இதைத்தான்: “அவர் மகன் வேலையைப் பத்தி நான் பேசினது பொய். அவர் கேக்க வேண்டியதை, அவர் போனப்புறம் சொல்றேன். என்னை மன்னிச்சிடுங்க.” கை தட்டவில்லை யாரும்.

பிரியாணிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தவன் முரளி. நாற்பதைத் தொட்டிருப்பான். “‘அப்பா வாங்கிக் குடுத்த வேலையா’ன்னு ஊர்ல எல்லாரும் கேட்டுகினே இருந்தாங்கக்கா. ஆறு மாசத்துல அந்த வேலைய வுட்டுட்டேன். இப்ப துறைமுகத்துல டிரெய்லர் ஓட்றேன்” என்றான்.

எனக்கு அது தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

“எங்கப்பா உங்கமேல கோவப்படல. நான் பட்டேன். இன்னும் போகல,” என்றான். பிறகு ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தான். “பசியோட போவாதீங்க.”

கிளம்பும்போது தன் போன் நம்பரை அவனாகவே சொன்னான். குறித்துக்கொண்டேன்.

எண்ணூருக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் வெயில் தாங்காது, நிழலும் குறைவு. தண்ணீர் கொண்டுபோங்கள். மதியம் ரயில்களுக்கு இடையே நேரம் அதிகம். நான் முக்கால் மணி நேரம் நடைமேடையில் உட்கார்ந்திருந்தேன். ராயபுரம் திரும்ப இரண்டு மணி ஆகிவிட்டது.

கஜபதி அண்ணன் இருந்தபோதே போயிருந்தால், மகனையும் என்னையும் எதிரெதிரே உட்காரவைத்து அவரே பேசித் தீர்த்திருப்பார். இனி அதை நாங்கள் இரண்டு பேரும்தான் செய்ய வேண்டும். நேற்று முரளிக்குப் போன் செய்தேன். எடுத்தான்.