நைனாவுக்கு எல்லா வேலையும் தெரியும்

எங்கள் நைனா போய்ச் சேர்ந்து இன்றோடு ஒரு வருஷம். இந்த நினைவு மலருக்குக் குடும்பத்தின் சார்பில் மூத்தவள் நீதான் எழுத வேண்டும் என்று தம்பி கேட்டுக்கொண்டான். "நல்லதா நாலு வார்த்த எழுதுக்கா, பழசெல்லாம் கிளறாத" என்றும் சொன்னான். நல்லது நிறையவே இருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நைனா பிறந்தது கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் வண்டித் தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றை அறை வீட்டில். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். எட்டாவதோடு படிப்பை விட்டு, துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலைக்குப் போனார். தங்கைகள் இரண்டு பேரையும் கரையேற்றிய பிறகுதான் தன் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். குடி கிடையாது, பீடி கிடையாது. யாரையும் ஒரு வார்த்தை அதட்டிப் பேச மாட்டார். இந்த மலரை வாங்கிப் படிக்கிற உறவினர்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கல்யாணமானதும் அம்மாவோடு திருவொற்றியூருக்குக் குடிவந்தார். நானும் தம்பியும் அங்கேதான் பிறந்தோம். வேலையிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சொம்பு எட்டுகிற தூரத்தில் இருந்தாலும் அம்மாதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். நிலக்கரிக் கப்பல் வந்த நாளில் சட்டை கன்னங்கரேலென்று இருக்கும். கழற்றிப் போட்டது போட்ட இடத்திலேயே கிடக்கும். அம்மா தெரு பம்பில் தண்ணீர் அடித்து, குடம் குடமாகக் கொண்டுவந்து டிரம்மை நிரப்பி, குனிந்து குனிந்து மொண்டு, அந்தச் சட்டையை மூன்று தண்ணீரில் அலசுவார். "உங்க நைனாவுக்கு ஒரு டீ போடக் கூடத் தெரியாது, பாவம்" என்பார். அப்படிச் சொல்வதில் அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஏழு வருஷத்துக்கு முன் அம்மா இறந்தார். காரியம் முடிந்ததும், "எங்கூட வந்துரு நைனா" என்று கூப்பிட்டேன். "வோணாம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். என்னத்தைப் பார்த்துக்கொள்வார், ஒரு மாசத்தில் துரும்பாய் இளைத்து வந்து நிற்பார் என்று நினைத்தேன். ஒரு மாசம் கழித்துப் போனபோது நான்தான் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

டிரம்மை நாலு கல் வைத்துத் தூக்கி நிறுத்தி, அடியில் ஓட்டை போட்டுக் குழாய் பொருத்தியிருந்தார். குனிகிற வேலையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து வாரத்துக்கு வேண்டிய இஞ்சி பூண்டை அரைத்து டப்பா டப்பாவாக வைத்துவிடுவார். பாத்திரங்களைக் கூட ஒரு கணக்கோடு அடுக்கியிருந்தார். "கப்பல்ல கடைசியா ஏத்துனதுதாம்மா மொதல்ல எறங்கும். காலைல எது மொதல்ல வோணுமோ, அத்த கடைசியா மேல வை" என்று எனக்குப் பாடம் எடுத்தார். துணி ஊறுகிற நேரத்தில் உலை கொதிக்கும். உலை கொதிக்கிற நேரத்தில் வீடு பெருக்கி முடிந்திருக்கும். எட்டு மணிக்கு பேப்பரும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். அதே வேலை அம்மாவை மத்தியானம் இரண்டு மணி வரை இழுத்தடிக்கும்.

சங்கரா மீன் குழம்பு வைத்துக் கொடுத்தார் பாருங்கள், அப்படி ஒரு குழம்பு. தெருவே மெச்சியது. நானும் மாமியார் வீட்டில் பீற்றிக்கொண்டேன். என் அடுப்படியையும் அவர் சொன்னபடி மாற்றி வைத்தேன். இன்றைக்கும் தினம் ஒரு மணி நேரம் எனக்கு மிச்சமாகிறது. அந்த நன்றி எனக்கு உண்டு.

கடைசியாக நைனா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவரோடு வேலை செய்த மாமா ஒருவர் பார்க்க வந்தார். பேச்சுவாக்கில், "உங்க நைனா கொழம்ப துன்னு வளந்த ஒடம்பும்மா இது" என்றார். எனக்குப் புரியவில்லை. "ஷெட்டுக்குப் பின்னால அடுப்பு மூட்டி எங்க ஒம்போது பேருக்கும் அவருதான் ஆக்குவாரு. யாரு வெங்காயம் உரிக்கறது, யாரு பாத்திரம் கழுவறதுன்னு ஆளப் பிரிச்சு உட்ருவாரு. வேலைக்கு சேந்த நாள்லருந்தே அப்டித்தான்" என்றார். வேலை செய்கிற இடத்தில் மெஸ் இருக்கிறது, சோறு கட்ட வேண்டாம் என்று நைனா வீட்டில் சொல்லியிருந்தார். அந்த மெஸ் இவர்தானாம். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று முப்பது வருஷம் உட்கார்ந்திருந்திருக்கிறார். மாமா சொல்லச் சொல்ல நைனா படுத்தபடியே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. மூன்று மாசம் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுத்த இடத்திலிருந்து அம்மா நைனாவிடம் கேட்டார்: "பத்து நாளிக்கு மட்டும் நீங்க ஒல வெச்சு எறக்கிடுங்களேன், புள்ள பள்ளிக்கூடம் போவட்டும்." நைனா, "எனக்கு இன்னா தெரியும் அதெல்லாம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த மூன்று மாசமும் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அடுப்படியில் நின்றேன். இரண்டாம் நாள் கஞ்சி வடிக்கும்போது கையில் கொட்டிக்கொண்டேன். தழும்பு இன்னும் இருக்கிறது. நைனா பதறிப்போய் ஓடி மருந்து வாங்கிவந்து அவரே தடவிவிட்டார். அப்புறம் அந்த வெந்தும் வேகாத சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா கீதும்மா" என்றார். ஒன்பது பேருக்கு ஆக்கிப் போடுகிற மனுஷர், மறுநாளும் என்னைத்தான் ஆக்க விட்டார். அந்த வருஷம் நான் பெயில். அதோடு படிப்பும் நின்றது.

மாமா போன பிறகு கேட்டேன். "இவ்ளோ தெரிஞ்சுகினு, அம்மாவுக்கு ஒரு நாள் கூட ஏன் நைனா செய்யல?"

"அவ கேக்கவே இல்லியேம்மா. கேட்டிருந்தா செஞ்சிருப்பேன்" என்றார்.

பொய் சொன்னாரா, நிஜமாகவே மறந்துவிட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதுவாக இருந்தாலும் திருப்பிச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "ஆமா நைனா, அம்மா கேக்கல" என்று சொல்லிவிட்டேன். நாலாம் நாள் போய்விட்டார்.

அவரை ராவும் பகலும் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், பந்தல் போட்டதிலிருந்து எங்களுக்கு டீத்தண்ணி கொடுத்தது வரை கூடவே நின்ற தெருக்காரர்களுக்கும், மூலக்கொத்தளம் சுடுகாடு வரை உடன் வந்த துறைமுகத்து நண்பர்களுக்கும், சொந்தபந்தம் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அம்மாவுக்கு நாங்கள் மலர் போடவில்லை. வீட்டோடு இருந்தவர்தானே, என்ன எழுதுவது என்று விட்டுவிட்டோம். இந்தக் கடைசிப் பத்தியை எடுத்துவிடச் சொல்லித் தம்பி கெஞ்சினான். முடியாது என்றேன். ஆஸ்பத்திரியில் நான் சொன்னது பொய் நைனா. அம்மா கேட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்.