நிம்மதி தரும் மஞ்சள் விளக்கு

இன்று போடியில் புது வீட்டு ஹாலுக்கு விளக்கு வாங்க மனைவியோடு போனேன்.

கடைக்காரர் ஒரு மஞ்சள் விளக்கைப் போட்டுக் காட்டினார். “இதுக்குக் கீழ உக்காந்தா மனசுக்கு நிம்மதிண்ணே.”

ஏலக்காய் வியாபாரி நான். எந்த வெளிச்சத்தையும் லேசில் நம்பமாட்டேன். சட்டைப்பையில் கிடந்த பச்சைக் காய் ஒன்றையும் வெளுத்த காய் ஒன்றையும் எடுத்து விளக்கடியில் பிடித்தேன். இரண்டும் ஒரே நிறம்.

“தரத்தையே மறைக்குதே தம்பி,” என்றேன்.

“வீட்டுக்கு வர்றவுகளையுமா தரம் பிரிக்கப் போறீக?” என்று கேட்டுவிட்டு, மனைவி அதையே வாங்கிவிட்டாள்.

மாட்டியாயிற்று. சாயங்காலம் அவள் அண்ணன் வந்து அதன் கீழ் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக நல்லவராகத் தெரிந்தார்.

எனக்கு அதுதான் இடிக்கிறது. உங்கள் வீட்டில் என்ன விளக்கு?