புருல் அக்கா சலாம் சொல்லாத குளிர்காலம்

புருல் என் கணவருடைய அண்ணன் மனைவி. நாரின் என்ற மலை நகரின் பேருந்து நிலையத்தில் வேன்களை முறைவைத்து அனுப்புவது அவள் வேலை. அத்-பாஷி ஊருக்குப் போகிற வண்டி எப்போது கிளம்பும், கணவாயில் பனி எவ்வளவு என்பதெல்லாம் அவளிடம்தான் கேட்க வேண்டும். வருகிற எவரையும் “சலாம், கால்நடையும் உயிரும் சுகமா, பிள்ளைங்க சுகமா” என்று ஒரே மூச்சில் விசாரிப்பாள். முறை தப்பி முந்துகிற டிரைவரை அடுத்த மூச்சில் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டுவாள்.

நவம்பரில் ஒரு காலை அவளுடைய இடது கை மரத்துப்போய்த் தேநீர்க் கிண்ணம் நழுவியது. ஒரு மணி நேரத்தில் கை சரியாகிவிட்டது. குளிர்தான் காரணம் என்று விட்டுவிட்டோம்.

அந்த வாரத்திலிருந்து அவள் யாருக்கும் சலாம் சொல்லவில்லை. நாம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவாள். மற்றபடி பேச்சில் ஒரு குறையும் இல்லை.

டிரைவர் மிர்லான் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“அண்ணி, புருல் அக்காவுக்கு என்ன ஆச்சு? நேத்து நான் வேணும்னே முன்னால போய் நின்னேன். திட்டவே இல்ல. ‘உன் வண்டி நாலாவது, பின்னால போ’ன்னாங்க. பயமா இருக்கு.”

“திட்டாததுக்கா பயம்?”

“திட்டுறவங்க திட்டலன்னா எங்க பேரை மேலிடத்துக்கு எழுதிக் குடுக்கிறாங்கன்னு அர்த்தம். நாங்க எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிறோம்.”

சிரித்து அனுப்பினேன். ஆனால் எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. இலையுதிர் காலத்தில் அண்ணனும் தம்பியும் புல்வெளியைப் பிரித்துக்கொண்டபோது தண்ணீர் உள்ள ஓடைப்பக்கம் எங்களுக்கு வந்தது. அப்போது வாய் திறக்காதவள் அந்தக் கோபத்தை இப்போது காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

டிசம்பரில் எங்கள் ஊர் ஷார்ஷென் பெரியவர் இறந்தார். துக்க வீட்டுக்குள் நுழையும் பெண் வாய்விட்டு அழுது, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். புருல் பேசாமல் நுழைந்து பேசாமல் உட்கார்ந்தாள். எல்லோரும் துஆ என்ற பிரார்த்தனைக்குக் கையேந்தியபோது அவள் உதடு அசையவில்லை. பெரியவரின் மனைவி ஜிபார் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே வந்ததும் பெண்கள் குசுகுசுத்தார்கள். வேறு மதத்தில் சேர்ந்துவிட்டாள் என்றாள் ஒருத்தி. யாரோ பேசிப் பேசி அவள் மனதை மாற்றிவிட்டார்கள் என்றாள் இன்னொருத்தி.

மறுநாள் அவளைக் கையும் களவுமாகப் பிடிக்கவே அவள் வீட்டுக்குப் போனேன். தேநீர் ஊற்றுவதுபோல் கெண்டியைச் சாய்த்து அவள் கையில் ஊற்றினேன். கொதித்து இறக்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கை சுட்டால் புருலின் வாயிலிருந்து என்ன வரும் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அது வரவில்லை. கண் கலங்க என்னைப் பார்த்தாள்.

“என் கை சுட்டுருச்சு, சைரா. நீ வேணும்னு ஊத்தின.”

நான் கெண்டியைக் கீழே வைத்தேன். “திட்டுங்க அக்கா. ஏன் திட்டல?”

“என்ன திட்டணும்னு தெரியுது. வாயைத் திறந்தா ஒண்ணுமில்ல. சலாமும் அப்படித்தான். தொழுகையில மொத வார்த்தையோட நின்னுடுறேன். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண வரல. உன் மாடு கன்னு போட்டதைக் கேளு, கணவாயில லாரி கவுந்ததைக் கேளு, விவரமா சொல்றேன்.”

“புல்வெளி விஷயத்துல கோபம்னு நினைச்சேன்.”

“புல்வெளியா? நீ என்னடி பேசுற!”

“அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“பைத்தியம்னு வேலையை விட்டு அனுப்பிட்டா?”

அப்போதும் நான் முழுக்க நம்பவில்லை. அவளைத் தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு வேனில் அழைத்துப் போனேன். வழியில் ஒரு கல்லறையைக் கடந்தபோது எல்லோரும் துஆ முணுமுணுத்து முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த புருலின் முகம் கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. நான் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. உதடு ஏதோ தொடங்கியது, நின்றது, மறுபடி தொடங்கியது. பிறகு மூடிக்கொண்டது. அங்கேதான் நம்பினேன்.

டாக்டரம்மா மூளையின் படத்தில் வலது பக்கம், ஆழத்தில் ஒரு சிறு கறையைக் காட்டினார். “துளி ரத்தம் கசிஞ்சிருக்கு. யோசிச்சுப் பேசுற பேச்சுக்கு மூளையோட மேல்பகுதி நிறைய வேலை செய்யுது. சலாம், துஆ, எண்ணிக்கை, வசவு எல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகி, நினைக்காமலே வர்ற வார்த்தைங்க. அதை ஓட்டிவிடுறதுல மூளையோட அடியில இருக்கிற இந்த நரம்பு முடிச்சுகளுக்குப் பெரிய பங்கு இருக்கு. இவங்களுக்கு அடிபட்டது அங்கதான். கொஞ்சம் திரும்பலாம். எவ்வளவுன்னு சொல்ல முடியாது.”

ஊருக்கு வந்ததும் புருல் டாக்டர் கொடுத்த காகிதத்தோடு நேராக ஜிபார் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

“சொல்ல வேண்டியது எனக்கு வரல, அக்கா,” என்றாள். “உங்க வீட்டுக்காரர் வேன்ல எப்பவும் கதவோரம்தான் உட்காருவார். கதவு சரியா சாத்தாது. அத்-பாஷி போய்ச் சேர்ற வரைக்கும் கைப்பிடியை இழுத்துப் பிடிச்சிருப்பார். யாரும் அவரைப் பிடிக்கச் சொன்னதில்ல. நான் தினமும் பார்த்தேன், ஒருநாள்கூட நன்றி சொல்லல.”

ஜிபார் அவளை உற்றுப் பார்த்தாள். “இதை யார் உனக்குச் சொல்லிக் குடுத்தா?”

“யாரும் இல்ல.”

ஜிபார் ரொட்டியைப் பிட்டுப் புருலின் கையில் வைத்து, அவள் தோளில் சாய்ந்து அழுதாள். வெளியே நின்ற பெண்களில் ஒருத்தி மட்டும், “டாக்டர் காகிதம் எல்லாருக்கும்தான் கிடைக்கும்,” என்றாள்.

வசந்தத்தில் எண்ணிக்கை இருபது வரை வந்தது. துஆ பாதிவரை வந்தது. சலாம் வரவில்லை. நிலையத்தில் இப்போது ஆளுக்கு ஒன்றாக யோசித்துச் சொல்கிறாள். “உங்க புகைபோக்கியில காலையிலேயே புகை பார்த்தேன், எழுந்துட்டீங்கன்னு சந்தோஷம்” என்கிறாள் ஒருவரிடம். சிலர் நின்று கேட்கிறார்கள். சிலர் தங்கள் வீட்டை ஏன் கவனிக்கிறாள் என்று புருவத்தைச் சுருக்குகிறார்கள்.