ஜித்ரா விலாசம்

போன வாரம் அலோர் ஸ்டாரில் ஒரு வங்கி. கவுன்டரில் இருந்த பெண் சிரித்தபடி சொன்னாள்: "ஆன்ட்டி, ஐசியில ஒரு அட்ரஸ், ஃபார்ம்ல வேற அட்ரஸ் லா. சரி பண்ணிக் குடுங்க."

அடையாள அட்டையில் பழைய விலாசம், சாதாரண விஷயம்தான். ஆனால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. வீடு மாறிய கிழவிக்கு இதில் என்ன பயம்? சொல்கிறேன்...

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்ட்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா பால்மரம் வெட்டுபவர். எனக்குப் பதினெட்டு வயது. ஜூனியர் கேம்பிரிட்ஜ் பாஸ். அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்து, முதல் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். பெயர், வயது, படிப்பு — மூன்று வரியில் நான் தீர்ந்துபோனேன்! மிச்ச இடத்தைக் கொஞ்சம் கதை அளந்து நிரப்பினேன். விலாசம் எழுதும்போதுதான் பேனா நின்றது.

எங்கள் வட்டாரத்தை அரசாங்கம் 'கறுப்புப் பகுதி' என்று குறித்திருந்தது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்கு அரிசி கொடுக்கிறோம் என்று எங்கள் எல்லார் மேலும் சந்தேகம். அந்த ஊர்ப் பெயரைப் பார்த்த பிறகு மேலே படிப்பார்களா?

அப்பாவின் சிநேகிதர் காதர் மாமாவுக்கு அலோர் ஸ்டாருக்கு அப்பால் ஜித்ராவில் மளிகைக் கடை. "எங் கடை அட்ரஸப் போட்டுக்கம்மா. ஜித்ரான்னா எவனும் மொறைக்க மாட்டான்" என்றார். போட்டேன். இன்டர்வியூ கடிதம் அந்தக் கடைக்கே வந்தது. அவர் ஆள் மூலம் கொடுத்தனுப்பினார்.

அன்று காலை அப்பாவுடன் பஸ் ஏறினேன். சுங்கைப் பட்டாணிக்கு முன்னால் ரோட் பிளாக். எல்லாரையும் இறக்கி ஐசி பார்த்தார்கள். மலாய் சார்ஜன்ட் என் பையில் இருந்த கடிதத்தைப் பிரித்தார். ஐசியைப் பார்த்தார். மறுபடி கடிதத்தை.

"ரூமா டி மானா?" வீடு எங்கே என்கிறார். கடிதத்தில் இருந்த விலாசத்தின் மேல் விரலை வைத்தார். "இந்தக் கடைக்காரன் யார்? அவன் கடையிலிருந்து உங்கள் தோட்டத்துக்கு என்ன போகிறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தேகம் ஒன்றே போதும், விசாரணை இல்லாமல் உள்ளே போடலாம். ஒரு வரிப் பொய்யால் அந்த நல்ல மனிதரை மாட்டிவிட்டேனே! உறவுக்காரர் என்று சமாளிக்கவும் வழியில்லை — அவர் முஸ்லிம், நான் நெற்றியில் விபூதியோடு நிற்கிறேன்.

உண்மையைச் சொன்னேன். அங்கே ஒரு நாள்கூடத் தங்கியதில்லை, வேலை கிடைக்காதோ என்று பயந்து எழுதினேன் என்று அழுதேன்.

சார்ஜன்ட் பேனாவை நீட்டினார். கடிதத்தின் பின்பக்கம் எழுத வைத்தார்: 'ஜித்ரா விலாசம் பொய். என் வீடு கோலா கெத்தில்.' கீழே என் கையெழுத்து. கடைப் பெயரைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டு பஸ்ஸை விட்டார்.

"கிழிச்சிப் போட்டுறலாமா?" அப்பா கேட்டார். கிழித்தால் ஆஸ்பத்திரிக்குள் விடமாட்டார்கள். அதே கடிதத்தைத்தான் கொடுத்தேன்...

நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. முன்பக்கம் படித்தார். திருப்பினார்.

"வேறு ஏதாவது பொய் உண்டா?"

"நெட்பால் கேப்டன் என்று எழுதியிருக்கிறேன். ரிசர்வ்தான்."

அவர் சிரிக்கவில்லை. "பதிலைக் கோலா கெத்திலுக்கு அனுப்பினால் போலீஸ்காரர்கள் வழியில் பிரித்துப் படிப்பார்கள், இல்லையா?"

"ஆமாம்."

"படிக்கட்டும். நீ நர்ஸ் ஆகப்போவது அவர்களுக்கும் தெரியட்டும்."

ஓடி வந்தேன். "வேல கெடச்சிருச்சுப்பா!" என்று கத்தினேன்.

அப்பா முகத்தில் சிரிப்பே இல்லை. "வா, ஜித்ரா பஸ்ஸப் புடிக்கணும். காதர்கிட்ட சொல்லணும்" என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. சந்தோஷத்தில் நான் அவரை மறந்தே போயிருந்தேன்.

சார்ஜன்டின் போன் எங்களை முந்திவிட்டது. கடை பூட்டிக் கிடந்தது. பதினோரு நாள் உள்ளே வைத்துவிட்டுத்தான் காதர் மாமாவை விட்டார்கள். பார்க்கப் போன அப்பாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: "புள்ளைக்கு வேல கெடச்சுதா?"

நற்சான்று தருபவர் பெயர் என்று விண்ணப்பத்தில் ஓர் இடம் இருந்தது... அதில் நான் காதர் மாமா பெயரை எழுதாமல் எங்கள் தலைமையாசிரியர் பெயரை எழுதியிருந்தேன்!