டேப் காட்டிய அரை இஞ்ச்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில்தான் என் வீட்டுக்காரர் காலமெல்லாம் வேலை பார்த்தார். பக்கவாதம் வந்து பிழைத்து எழுந்தபின் கைகால் ஓரளவு தேறிவிட்டது. பேச்சுதான் அவ்வப்போது தடம் மாறும். உப்பைச் சர்க்கரை என்பார். "எந்தலைக்குள்ள ஏதாச்சும் கலங்கிப் போச்சா புள்ள?" என்று திடீர் திடீரென்று கேட்பார். இல்லை என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் ஓய்ந்தது.

அந்தச் சமயம் குளியலறைக் கதவு தண்ணீரில் ஊறி உப்பிப்போனது. புதுக்கதவுக்கு அளவைத் தானே எடுப்பதாகச் சொன்னார். படுக்கையிலிருந்து எழுந்தபின் அவராகக் கேட்ட முதல் வேலை அது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவருடைய பழைய டேப் பட்டறையிலேயே எங்கோ தொலைந்திருந்தது. பெங்களூரில் இருக்கும் மகன், இருப்பதிலேயே விலை குறைந்ததாகப் பார்த்து ஆன்லைனில் வாங்கி அனுப்பினான். ஒரு கதவுக்குத்தானே என்று யாரும் அதைப் பெரிதாக யோசிக்கவில்லை.

இவர் இரண்டு தடவை அளந்து, கடைக்கு போனில் அளவு சொன்னார். கதவு வந்தது. நிலைக்குள் நுழையவில்லை. கடைக்காரர் தன் டேப்பை எடுத்து இரண்டையும் அளந்தார்.

"ஐயா சொன்ன அளவுக்குக் கதவு சரியாத்தானுங்க இருக்குது. நெலைதான் அரை இஞ்ச் கம்மி. ஒடம்பு முடியாதவரு, விடுங்கம்மா. அறுத்துப் போட்டுக்கலாம்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். இவர் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அதன்பின் டீக்கடைக்குக்கூடப் போவதில்லை. பட்டறைக் கூட்டாளி ஒருவர் பார்க்க வந்தபோது தன் வேலைச் சாமான் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"புத்தி போனவனுக்கு இதெதுக்கு புள்ள?"

பெட்டி போய்விட்டது.

பல மாதம் கழித்து, ஜன்னலுக்குத் திரை தைக்க உட்கார்ந்தேன். ஜன்னலை மகன் அனுப்பிய அந்த டேப்பால் அளந்தேன், துணியை என் தையல் டேப்பால் வெட்டினேன். திரை நீண்டு தொங்கியது. என் கண்ணும் போய்விட்டதா என்று பயம் வந்தது. இரண்டு டேப்பையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினேன். தையல் டேப்பில் முப்பது வந்த இடத்தில் அது முப்பதரை காட்டியது. மகனுடைய பழைய பள்ளிக்கூட ஸ்டீல் ஸ்கேலை வைத்தும் பார்த்தேன். அதுவும் தையல் டேப்போடுதான் ஒத்துப்போனது. கழிசடை டேப்! அதை முறித்துப் போட்டிருப்பேன், அவரிடம் காட்ட வேண்டுமே என்றுதான் விட்டேன்.

"ஏனுங்க, இங்க வாங்க. இதப் பாருங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு குந்தினார். கோடு கோடாக விரலை நகர்த்தினார். "அப்ப நாஞ் சரியாத்தான் பாத்திருக்கேன்" என்றார். குரல் உடைந்தது. நானும் அழுதேன்.

மறுநாளே கடையில் நல்ல டேப் ஒன்று வாங்கினேன். இப்போது ஷெல்ப், கொசுவலை என்று அவரே அளக்கிறார். எல்லாம் பொருந்துகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிடுகிறார்.

"ஒருக்கா நீயும் பாரு புள்ள."

பட்டறையில் இவர் சொன்ன அளவை எவரும் மறுபடி பிடித்துப் பார்த்ததில்லை. பார்க்காமலே சரி என்று என்னால் சொல்லிவிட முடியும். ஆனால் அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து கோட்டைப் படிக்கிறேன். நான் நிமிரும்வரை அவர் மூச்சு விடுவதில்லை.