ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஈரல் வறுவல்

மூணு வருஷத்துக்கு முன்னாடி, தீபாவளி முடிஞ்சு பட்டாசு கம்பெனிகளை மறுபடி திறந்திருந்த சமயம். திருத்தங்கல்ல எங்க வீட்டுல நடந்தது. சொல்றதுக்கு எனக்கு இன்னைக்கும் வெக்கமாத்தான் இருக்கு.

எங்க வீட்டுக்காரர் பட்டாசுக்கு மருந்து கலக்குறவர். வேலையில கெட்டிக்காரர். ஆனா சனிக்கிழமை சாயந்தரமானா குடி. போகப்போக தினமும் குடி. ரோட்டுல விழுந்து மானம் போறதுக்கு வீட்டுலயே குடிச்சுத் தொலையட்டும்னு நானே ஒரு முடிவுக்கு வந்தேன். வெறும் வயித்துல குடிச்சா குடல் வெந்துருமேன்னு, அவர் வர்ற நேரத்துக்கு மிளகு தூக்கலாப் போட்டு ஈரல் வறுவல் செஞ்சு வெப்பேன். பதினோரு வருஷம் அப்படிச் செஞ்சிருக்கேன்.

கை நடுங்க ஆரம்பிச்சதும் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். மூணு வாரம் இருந்துட்டு, தெளிஞ்ச முகத்தோட ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார். எனக்கு சந்தோஷம் தாங்கல. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுல நாக்கு செத்துப்போயிருக்குமேன்னு, ஆசையா அதே ஈரலை வாங்கி வறுத்தேன்.

வாசம் வந்ததுதான் தாமதம், மனுஷன் முகமே மாறிப்போச்சு. நெத்தியெல்லாம் வேர்த்துச்சு. உக்காந்தார், எந்திரிச்சார், வாயைத் துடைச்சார். "இந்தா வந்துர்றேன் புள்ள"ன்னு பைக்கை எடுத்துட்டுப் போனவர், குடிச்சுட்டுத்தான் திரும்பி வந்தார்.

திங்கக்கிழமை கம்பெனி வாசல்ல ஃபோர்மேன் அவர் கையை நீட்டச் சொல்லிப் பாத்திருக்கார். "இந்தக் கையோட மருந்து ரூமுக்குள்ள போனா நீங்க மட்டுமா சாவீக? கூட இருக்குறவுக என்ன பாவம் செஞ்சாக? இன்னொரு தடவை இப்படி வந்தா வேற வேலை பாத்துக்கங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டார். அவர் சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்ல.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். டாக்டர் முன்னாடியே அவரைக் கிழிகிழின்னு கிழிச்சேன். சின்ன வயசு டாக்டர் அம்மா, பொறுமையாக் கேட்டுட்டு என்கிட்ட திரும்பினாங்க. "அன்னைக்கு வீட்டுல என்னம்மா சமைச்சீங்க?"

குடிக்கும்போது அவருக்கு வழக்கமா வெக்கிற அதே ஈரல் வறுவல்தான்னு நான் பெருமையாச் சொன்னேன். அவங்க பேனாவைக் கீழ வெச்சாங்க. அப்புறம், "அந்த வாசம் வந்தா அடுத்து சரக்கு வரும்னு அவர் மூளை பழகியிருக்கும்மா"ன்னாங்க.

அய்யோ! பதினோரு வருஷமா அந்தப் பழக்கத்துக்கு நானே அடுப்பு மூட்டியிருக்கேன். அங்கனயே அழுதுட்டேன்.

மாத்திரை ஒரு பக்கம் ஓடட்டும்னாங்க. இன்னொரு பக்கம் அந்த வாசம் வரணும், ஆனா பின்னாடியே குடி வரக் கூடாது. மூளை எதிர்பாத்து எதிர்பாத்து ஏமாந்தா அந்த ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமா வலு குறையும்னாங்க. ஆனா வீட்டுல நீங்களா செஞ்சு பாக்காதீங்க, என் முன்னாடிதான்னு கண்டிப்பாவும் சொன்னாங்க.

அதுல இருந்து வாரா வாரம் ஈரலை வறுத்து டிபன் பாக்ஸ்ல போட்டு பஸ்ஸுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பாக்கும். டாக்டர் அறையில மூடியைத் திறப்பேன். முதல் தடவை நாற்காலிக் கையை அவர் புடிச்ச புடியைப் பாத்து, மூடிருவோம்னு நானே கெஞ்சினேன். டாக்டர் அம்மா விடல. நடுக்கம் தானா அடங்குற வரைக்கும் உக்கார வெச்சாங்க. அடுத்தடுத்த வாரம் சீக்கிரமே அடங்குச்சு.

பல மாசம் கழிச்சு, இனி வீட்டுல செய்யலாம்னாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம், பிள்ளைகளும் நாங்களும் சாப்பிட உக்காந்தோம். அவர் கையையே பாத்துட்டு இருந்தேன். ஒரு துண்டை எடுத்து வாயில போட்டார், மென்னார்.

"என்ன புள்ள, உப்பே இல்ல?"

எந்திரிச்சு அடுப்படிக்குப் போய் சேலையை வாயில அமுக்கிட்டு அழுதேன். பதினோரு வருஷத்துல உப்பு இருக்கா இல்லையான்னு அவர் ஒரு நாளும் சொன்னதில்ல. அன்னைக்குத்தான் என் சமையலைச் சாப்பிட்டிருக்கார்!

இப்ப மறுபடி வேலைக்குப் போறார். ஆசை முழுசா செத்துப்போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். கல்யாண வீடு, திருவிழான்னா இன்னும் எனக்கு பயந்தான். ஆனா அடுப்புல எதை வதக்கினாலும், இந்த வாசம் அவருக்கு எதை ஞாபகப்படுத்துமோன்னு ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சுட்டுத்தான் இன்னைக்கும் கரண்டியைப் போடுறேன்.